கஜா வருஷத்துப் பிரசவப் பை

என் பிரசவப் பையை நான் கட்டவில்லை. குனிந்து ஒரு துணியை எடுக்க முடியாத வயிற்றோடு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அம்மா கட்டினாள். அம்மாச்சி பிரித்தாள். அம்மா மறுபடி கட்டினாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் தன் பங்குக்குக் கொஞ்சம் திணித்தார். வர முடியாத அத்தை அவரிடம் விபூதிப் பொட்டலமும் குலதெய்வத்துக்கு முடிந்த மஞ்சள் துணியும் கொடுத்தனுப்பியிருந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. பிள்ளை பெற்றவர்களுக்கு அல்லவா தெரியும், அங்கே என்ன இல்லாமல் போகும் என்று.

2018. ஐப்பசியில் வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்கு என்று அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். ஒரத்தநாட்டுக்குப் பக்கம், கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் நெல்லும், மேட்டில் தென்னையுமாக இருக்கும் ஊர். வந்து கொஞ்ச நாளில் கஜா வந்தது. நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டு மேற்கே போனது. விடிந்து வெளியே வந்தால் தெரு இருக்கும் இடத்தில் மட்டைகளும் மின்கம்பங்களும்தான் கிடந்தன. அப்பா கொல்லைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. சாய்ந்த மரங்களை எண்ணிக்கொண்டு நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் போய்க் கூப்பிடவில்லை.

கரண்ட் மார்கழி பிறக்கிற சமயத்தில்தான் திரும்ப வந்தது. அதுவரை தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு வந்து மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றும். அதே நேரத்தில் வரிசையில் நின்று போனுக்கும் சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த நிலைமையில் கிராம செவிலியர், விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிளட் பிரஷர் பார்த்தார், வயிற்றில் காதுக்குழல் வைத்துக் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, “பை கட்டியாச்சா?” என்றார்.

“பொறக்காத புள்ளைக்கு முன்கூட்டியே எதையும் எடுத்து வைக்கிற பழக்கம் இல்லைங்களே.”

“புள்ளைக்குக் கட்ட வேணாம். புள்ளத்தாச்சிக்குக் கட்டுங்க. ரோடு இருக்கிற லட்சணத்துக்கு வலி வந்தப்புறம் துணி தேடிட்டு நிக்க முடியாது.”

அம்மாவுக்கு அது போதும். அன்று சாயங்காலமே கட்டைப்பை இறங்கியது. ஒரத்தநாட்டு ஜவுளிக்கடையில் என் கல்யாணத்துக்குத் துணி எடுத்தபோது கொடுத்த பை. பக்கவாட்டில் கடைப் பெயர் பாதி அழிந்திருந்தது. அதற்குத் துணையாகப் பச்சை ஒயர்க்கூடை ஒன்று, பிளாஸ்குக்கும் டம்ளருக்கும். குழந்தைக்கான துணியெல்லாம் என் துணி என்ற கணக்கிலேயே உள்ளே போயின. என் நைட்டிக்குள் சுருட்டி, என் பாவாடைக்குள் மடித்து. பார்க்கிற தெய்வத்தை ஏமாற்ற அவ்வளவு போதும் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும்.

முதலில் வைத்தது காகிதங்களை. பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அதில் தாய் சேய் நல அட்டை, அதன் மேல் மூலையில் செவிலியர் சிவப்பு மையில் எழுதிய 12 இலக்க எண், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்த வகை எழுதிய சீட்டு, இரண்டு பேர் ஆதார், என் பெயரில் இருந்த பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்க ஜெராக்ஸ். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியை அந்த வருஷம்தான் 12,000 ரூபாயிலிருந்து 18,000 ஆக்கியிருந்தார்கள். அதில் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் பெட்டகமாகத் தந்தார்கள்: நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், ஒரு துண்டு. புயலுக்கு மறுநாள் கடை எதுவும் திறக்காத அன்றைக்கு, வீடு மொத்தமும் தின்றது அந்தப் பேரீச்சம்பழத்தைத்தான். அரசாங்கம் எனக்கும் வயிற்றில் இருந்ததற்கும் கொடுத்த சத்தை அப்பாவும் தம்பியும் சேர்ந்து தின்றார்கள் என்று அம்மாச்சி ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். துண்டு மட்டும் பைக்குப் போனது.

துணி விஷயத்தில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. அப்பாவின் எட்டு முழ வேட்டிகளில் நைந்தவை, செத்துப்போன அப்பாயியின் நூல் சேலைகள், எல்லாவற்றையும் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தாள். வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்தாள். கத்தரிக்கோல் போடவில்லை, நுனியில் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. கொல்லையில் மூன்று கல் கூட்டி, அலுமினிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, டெட்டால் ஊற்றித் துணிகளைப் போட்டு, மூங்கில் கழியால் புரட்டினாள். விறகுக்குப் பஞ்சமே இல்லை; கஜா போட்டுவிட்டுப் போன மட்டை வருஷக்கணக்கில் எரிக்கக் கிடந்தது. காயவைக்கத்தான் வெயில் இல்லை. கார்த்திகை மழை விட்டு விட்டுத் தூறியது. கடைசியில் அடுப்படியில் கொடி கட்டிக் காயப்போட்டாள். பக்கத்துத் தெருவில் தேய்க்கிறவரிடம் கரிப்பெட்டி இருந்தது. கரண்ட் இல்லாத அந்த வாரங்களில் ஊரிலேயே தொழில் கெடாத ஆள் அவர் ஒருவர்தான். சூடாக மடித்துக் கொடுத்த துணிகளில் டெட்டாலும் புகையும் கலந்த வாடை வீசியது.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பதை நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் வைத்திருந்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. ஆனால் கடைத்துணியின் கஞ்சியும் சாயமும் அன்றைக்குப் பிறந்த தோலுக்கு ஆகாது, நூறு முறை துவைத்துக் கொதிக்கவைத்த வேட்டியைவிட மெத்தென்ற துணி உலகத்தில் இல்லை என்பதை அதை விரலால் தொட்டவர்கள் மறுக்க மாட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. புதுத்துணி வாங்கி வைத்துவிட்டு, போட ஆளில்லாமல் திரும்பி வந்த வீடுகள் ஒரு காலத்தில் தெருவுக்கு நாலைந்து இருந்தன. தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 13 என்று 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கு சொன்னது. அம்மாச்சி பெற்ற காலத்துக் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறதோ, அவள் தலைமுறைப் பெண்கள் பெற்றதையும் தங்கியதையும் தனித்தனியாகத்தான் சொல்வார்கள். “பெத்தது ஏழு, தக்குனது நாலு.”

வீட்டுக்காரர் வந்தது ஒரு சனிக்கிழமை. தஞ்சாவூர்வரை பஸ், அங்கிருந்து யாருடைய பைக்கிலோ. அவருடன் வேலை பார்ப்பவரின் மனைவி சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றவர். அவர் அனுப்பிய பட்டியலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பக்கம். முன்பக்கம் திறக்கிற நைட்டி, உள்ளாடைகள், சாக்ஸ், லிப் பாம், ஈரத் துடைப்பான், பால் குடிக்கும்போது மடியில் வைக்கிற வளைந்த தலையணை, பாட்டுக் கேட்க ஸ்பீக்கர், பெரியவர்களுக்கான டயப்பர். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அதை அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, அம்மா மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். டயப்பர் வந்ததும் அம்மாச்சி, “யாருக்கு மாப்ள அது, எனக்கா?” என்றாள். தம்பி எழுந்து வெளியே ஓடிவிட்டான்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலைக் கிண்டலடித்தோமே தவிர, பிரசவம் முடிந்த அன்றைக்கும் மறுநாளும் எனக்குக் கை கொடுத்தது அந்த டயப்பர்தான். பழைய சேலைத் துண்டுகளை மடித்து, நாடா கட்டி, நனைய நனைய மாற்றி, அதை அலசிக் காயப்போட இடம் தேடுகிற பாடு எதுவும் இல்லை. அம்மாச்சிக்கும் பிறகு அது ரொம்பப் பிடித்துப்போய், தெருவில் யார் பிள்ளைத்தாய்ச்சியானாலும் முதலில் அதைத்தான் சொல்கிறாள். லிப் பாமும் தேவைப்பட்டது. மூச்சை வாயால் இழுத்து இழுத்து உதடு வெடித்துவிடும். தலையணையும் ஸ்பீக்கரும் வீட்டைவிட்டே போகவில்லை.

அம்மா கட்டியதை இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ஒயர்க்கூடையும், அதன் பக்கத்தில் சேர்ந்த பக்கெட்டும் எனக்கானவையே இல்லை. கோரைப்பாய், காற்றுத் தலையணை, போர்வை, இரண்டு எவர்சில்வர் டம்ளர், மூடி வைத்த தூக்கு, கொசுவத்தி, தீப்பெட்டி, துணி காயப்போடக் கயிறு, ஒரு சின்னப் பூட்டு, சுருக்குப்பை நிறைய பத்து ரூபாய்த் தாள்கள். லேபர் வார்டுக்குள் படுக்கிறவளுக்குப் பாயும் கொசுவத்தியும் எதற்கு? அது வெளியே உட்கார்கிறவளுக்கான சாமான்.

1991-இல் நான் பிறந்தபோது அம்மாச்சிதான் துணைக்குப் போனவள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். இரவெல்லாம் வராந்தாவில், வெறுந்தரையில், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு டம்ளர்கூட இல்லை. அவசரத்தில் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிரசவம். வெளியே இருந்த குழாயில் கையால் ஏந்தித் தண்ணீர் குடித்தாள். விடிகாலையில் பிள்ளை பிறந்த சேதி சொல்ல வந்தவர், பெண் என்பதால் தொகையைக் குறைத்துக் கேட்டாராம். அதைக் கொடுக்கவும் சில்லறை இல்லாமல், பக்கத்தில் படுத்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் கைமாற்று வாங்கினாள். இதையெல்லாம் அம்மாவுக்கு யாரும் கதையாகச் சொல்லவில்லை. உள்ளே வலியில் படுத்திருந்தவள், கதவுக்கு வெளியே தன் அம்மா டம்ளர் கேட்டு ஒவ்வொருவரிடமும் போவதைக் காதால் கேட்டிருக்கிறாள். இருபத்தேழு வருஷம் கழித்து, எவர்சில்வர் டம்ளர் இரண்டாகப் பைக்குப் போனது அதனால்தான்.

இனி அம்மாச்சி. எல்லோரும் தூங்கின பிறகு அவள் பையைப் பிரிப்பாள். அடியில் எதையோ வைப்பாள். காலையில் அம்மா கண்டுபிடிப்பாள். முதல் முறை கற்கண்டுப் பொட்டலம், பிறந்ததும் பிள்ளைக்குச் சேனை வைக்க. “நர்ஸம்மா பாத்தா வைவாங்கம்மா” என்று அம்மா எடுத்துவிட்டாள். மறுநாள் கற்கண்டு போர்வை மடிப்புக்குள் இருந்தது. வசம்பு வந்தது, போனது. பெயரைச் சொல்லாமல் ‘பிள்ளை மருந்து’ என்றே அதற்கும் வாதாடினாள். இவற்றோடு ஒரு சவர பிளேடு. புதிது, காகித உறை பிரிக்காதது. அதையும் வெள்ளை நூல் கண்டு ஒன்றையும் சேர்த்து ஒரு மஞ்சள் துணியில் முடிந்திருந்தாள்.

“இது எதுக்கு அம்மாச்சி? ஆஸ்பத்திரியில இதெல்லாம் இருக்காதா?”

“இருக்கட்டும். கெடக்கட்டும் ஒரு ஓரமா.”

கற்கண்டுக்குச் சண்டை போட்ட அம்மா, பிளேடை மட்டும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மார்கழிக் குளிரில் ஒரு நடுநிசியில் பனிக்குடம் உடைந்தது. நல்ல வேளையாகப் போன் வேலை செய்தது. 108-க்குத் தம்பிதான் பேசினான்; பதற்றத்தில் எங்கள் தெருப் பெயரே அவனுக்கு மறந்துவிட்டது. வண்டி வந்து நின்றதும் இறங்கின பையன் கேட்டது, “அட்டை இருக்கா? பை இருக்கா?” இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம். ரோட்டோரத்தில் அறுத்துக் குவித்த மரத்துண்டுகள் ஹெட்லைட்டில் வந்து வந்து போயின. டெல்டாவில் பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் தஞ்சாவூரில் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிதான். அங்கே போய் இறங்கினோம்.

லேபர் வார்டு வாசலில் பை நின்றுவிட்டது.

“ஃபைல் குடுங்க. பழைய சேலை ரெண்டு, பாவாடை ஒண்ணு, பிள்ளைக்கு வெள்ளைத்துணி ரெண்டு. துணைக்கு ஒரு பொம்பளை வரலாம். மிச்சமெல்லாம் வெளியில.” அவ்வளவுதான். வாரக்கணக்கில் கட்டிப் பிரித்துக் கட்டியதில் ஒரு கைப்பிடி உள்ளே வந்தது. வளையலைக் கழற்றச் சொன்னார்கள். வளைகாப்பில் இரண்டு கையிலும் அடுக்கிய கண்ணாடி வளையல்கள், சோப்புத் தண்ணீர் போட்டும் சில கழலாமல் உடைந்தன. கழன்றவற்றை அம்மா ஆயாம்மாவிடம் கொடுத்தாள். பிள்ளை பெற்றதும் மருத்துவச்சிக்குக் கொடுக்க வேண்டிய வளையல், இங்கே மருத்துவச்சி இடத்தில் அவர்தானே இருந்தார். தலையைக் கலைத்து ரெட்டைச் சடை போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டபின் அன்றுதான் ரெட்டைச் சடை. வரிசையாகக் கட்டில்களில் பார்த்தால் எல்லோரும் ரெட்டைச் சடையோடு, ஏதோ ஒரு வகுப்பு மொத்தமும் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தது.

அம்மா துணையாக உள்ளே வந்துவிட்டாள். அவள் காலத்தில் இல்லாத வழக்கம் இது. வராந்தாவில் உட்கார்வதற்காகத் தனக்கென்று கட்டிய பாயும் டம்ளரும் வெளியே கிடக்க, அவள் என் தலைமாட்டில் நின்றாள். பை தம்பியிடம் போனது. இருபத்திரண்டு வயது, எஞ்சினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். வீட்டில் கொடியில் காய்கிற பாவாடையைக்கூட ஏறெடுத்துப் பார்க்காதவன்.

கதவு கொஞ்சம் திறக்கும். என் பெயரைச் சொல்லி, “அட்டெண்டர் யாரு? நாடா கட்டுன பாவாடை ஒண்ணு குடுங்க” என்று குரல் வரும். முதல் தடவை அவன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறான். நைட்டி, கற்கண்டு, விபூதி, டயப்பர், கொசுவத்தி எல்லாம் வராந்தாவில் சிதற, பக்கத்தில் இருந்த ஒரு பாட்டிதான் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தாராம். (இதை அவனாகச் சொல்லவில்லை, அந்தப் பாட்டி பிறகு வார்டுக்கு வந்து சொன்னார்.) அடுத்த தடவை சேலை. பிறகு தண்ணீர். பிறகு டயப்பர். விடிவதற்குள் எது எங்கே இருக்கிறது என்று கட்டியவர்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. வேட்டித்துணியை அவனே நான்காக மடித்து அடுக்கிவைத்திருந்தான். வேறு வீட்டு ஆண்கள் வந்து, “தம்பி, இதுல நாப்கின்னு எதைச் சொல்றாங்க?” என்று அவனிடம் கேட்கிற அளவுக்குப் போயிருந்தது. பிரசவப் பை கட்டுகிறவர்கள் யாருமே அந்தப் பையன்களை நினைத்துக் கட்டுவதில்லை. கடைசியில் நடுராத்திரியில் அதைத் திறக்கிறவர்கள் அவர்கள்தான்.

வலியைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. பெண் பிறந்தாள். துடைத்து, என் நெஞ்சின்மேல் போட்டார்கள். அப்பாவின் வேட்டித்துண்டால் மூடினார்கள். அடுக்களைப் புகை வாடை மூக்கில் ஏறியது.

வார்டுக்கு வந்ததும் சேனைச் சண்டை நடந்தது. அம்மாச்சி காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். கையை நீட்டிய வேகத்திலேயே சிஸ்டர் கற்கண்டைப் பார்த்துவிட்டார். “பாட்டி, அதை நீங்க வாயில போட்டுக்குங்க. பிள்ளைக்குச் சீம்பால் மட்டும்தான்.” அம்மாச்சி சிஸ்டர் எதிரிலேயே கற்கண்டை வாயில் போட்டு மென்றாள். பிறகு ஆறுதலாக ஒன்று நடந்தது. அரசாங்கம் தருகிற குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் வந்தது. 2015-இல் தொடங்கின திட்டம், 16 பொருள்கள். கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, குழந்தைச் சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தவள், அடியில் சௌபாக்கிய சுண்டி லேகியம் இருப்பதைப் பார்த்ததும் டப்பாவை உயர்த்தி சிஸ்டருக்குக் காட்டினாள். “இது மட்டும் ஆவுமா?” “அது தாய்க்கு, பாட்டி.” “நானும் அதைத்தான் சொல்றேன்.” எதை எதற்குச் சொன்னாளோ, வெற்றி அவளுக்கு.

பின்லாந்தில் 1938-இலிருந்தே கர்ப்பிணிகளுக்கு இப்படி ஒரு பெட்டி கொடுக்கிறார்கள், முதலில் ஏழைகளுக்கு, 1949-இலிருந்து எல்லோருக்கும். பிள்ளை அந்தப் பெட்டியிலேயே தூங்கலாம். அந்த ஊர்ப் பெட்டியில் லேகியம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். செங்கல் சூளையில் வேலை பார்க்கிற குடும்பம். குடிசையைக் கஜா கொண்டுபோய்விட்டது. கட்டிய சேலையோடு வந்திருந்தாள். அட்டையை மட்டும் ஒரு பால் பாக்கெட் உறைக்குள் போட்டு நனையாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். புருஷன் பையனைப்போல இருந்தான். கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. பையை இழுத்து வைத்துப் பிரித்தாள். வேட்டித்துணியில் பாதி, ஒரு பாவாடை, அப்பாயியின் சேலை ஒன்று, டம்ளர்களில் ஒன்று. நான்கு டயப்பரும் போனது, அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது. பூட்டை அந்தப் பையனிடம் கொடுத்து, “பைக்குப் போட்டுக்கப்பா” என்றாள். அவர்களிடம் பையே இல்லை என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது. ஒயர்க்கூடையும் போனது.

குழந்தைக்குப் போலியோ சொட்டு, காசநோய்த் தடுப்பு ஊசி, மஞ்சள்காமாலை ஊசி எல்லாம் போட்டு, அட்டையில் குறித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது பெரும்பாலும் காலி. அத்தையின் விபூதி, ஃபைல், நனைந்த கோரைப்பாய். மஞ்சள் துணி முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

தீட்டு நாட்களில் ஒரு மதியம். அம்மாச்சி முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பிளேடைப் பற்றிக் கேட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்.

அம்மாவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆண் பிள்ளை. வீட்டிலேயே பிறந்தது. நல்ல எடை, நல்லா அழுதது, நல்லாப் பால் குடித்தது. ஒரு வாரம் ஆகும்போது வாய் கிட்டிப்போனது. மார்பில் வாயை வைக்கிறது, உறிஞ்ச முடியவில்லை. தொட்டால் உடம்பு வில்லாக வளைகிறது, யாராவது சத்தம் போட்டாலும் வளைகிறது. காத்து கருப்பு என்றார்கள், தோஷம் என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். இரண்டாம் நாள் முடிந்துவிட்டது. தொப்புள்கொடியை அறுத்தது கருக்கரிவாளால். அறுப்புக்குப் போய்வந்த அரிவாள். மேலே சாம்பல் வைத்துக் கட்டினார்கள்.

ரணஜன்னி. மண்ணிலும் சாணியிலும் கிடக்கிற கிளாஸ்ட்ரிடியம் டெட்டானி. வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்துகிற பாடம். கர்ப்பத்தில் எனக்குப் போட்ட இரண்டு டி.டி. ஊசியும் அதற்குத்தான், தாய் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். அந்த ஊசியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், சுத்தமான பிளேடும் சேர்ந்து, பிறந்த குழந்தைக்கு வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் உறுதிசெய்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மாச்சியிடம் இதைச் சொல்லலாமா என்றுதான் தெரியவில்லை. தோஷம் என்றே அறுபது வருஷம் இருந்துவிட்டவளிடம் போய், அது அரிவாள் என்று சொல்வதா?

“அந்த அரிவாளாலதான் அம்மாச்சி...” என்று இழுத்தேன்.

“தெரியும்.” அடுத்த பூண்டை எடுத்தாள். “ஒங்கம்மா பொறக்கிறப்ப யூனியன் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு நர்ஸம்மா வந்தா. உள்ள வந்ததும் புது பிளேடு எங்க, நூலை வெந்நியில போட்டியான்னு ஒரே சத்தம். தொப்புள்ல ஒண்ணும் வெக்கக் கூடாதுன்னுட்டா. அப்பவே எனக்கு வெளங்கிப்போச்சு.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“யாருட்டடி சொல்றது? அறுத்தவ எங்க சின்னாத்தா. அவ கையிலதான் இந்த ஊரே வந்து விழுந்துச்சு. அவகிட்டப் போயி, நீ அறுத்ததாலதான் போச்சுன்னு சொல்லவா? ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் ஊர்ல எவளுக்கு வலி எடுத்தாலும் ஒரு புது பிளேடு வாங்கிட்டுப் போயி சின்னாத்தா மடியில போட்டுட்டு வந்துருவேன். ஒரு நாளும் ஏன்னு கேக்கல அவ. எடுத்துக்குவா.”

“ஒவ்வொரு தடவையும் புதுசா? காசு?”

“தாத்தாவுக்குத் தெரியாது. முட்டை வித்த காசு.”